பயிற்சி மைதானத்துக்கு ஒரு பார்வை மகஜர்

காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் எந்த இடத்துக்குப் போனாலும் வடக்கு எது, தெற்கு எது, வாசல் எத்தனை அடி, விளக்குக் கம்பம் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கண் தேடுகிறது. பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்து அளந்து எழுதும் போலீஸ் குறிப்பு, எழுதியே தேய்ந்த கை. இந்த விமர்சனத்திலும் அந்த வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்பவ இடம், சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம், சேர்வராயன் மலை நேரெதிரே நிற்கும் ஒரு செம்மண் மைதானம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்று அங்கே நடக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, வெளியாட்களும் 300 ரூபாய் கட்டி மாதிரி உடல்திறன் தேர்வில் கலந்துகொள்ளலாம். முடிவில் நேரமும் தூரமும் குறித்த அட்டை ஒன்று தருகிறார்கள். என் தங்கை மகள் இந்த முறை விண்ணப்பித்திருக்கிறாள். அவளுக்குத் துணையாகப் போனேன். மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறை நிறையச் சொல்லப்போகிறேன். நடத்துகிற மாஸ்டரோ நல்ல மனிதர். துணை ராணுவத்தில் இருந்து வந்தவர். வாயில் கெட்ட வார்த்தை வராது. பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தகரக் கொட்டகை தனியே போட்டிருக்கிறார், கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறது. இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் கோபத்தில் மறந்துவிடுவேன்.

முதல் ஞாயிறு அவளுக்குக் கிடைத்த அட்டை இது: 100 மீட்டர் 17.38 வினாடி. 200 மீட்டர் 37.2 வினாடி. குண்டு எறிதல் 5.62 மீட்டர். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் கணக்கில் பெண்களுக்கு 100 மீட்டரை 17.50 வினாடிக்குள் ஓடினால் ஒரு ஸ்டார் (மதிப்பெண் தரும் குறி), 15.50-க்குள் ஓடினால் இரண்டு ஸ்டார். 200 மீட்டருக்கு 38-ம் 33-ம். நான்கு கிலோ குண்டுக்கு 4.25 மீட்டர் ஒரு ஸ்டார், 5.50 மீட்டர் இரண்டு ஸ்டார். ஆக, ஓட்டத்தில் ஒன்று, குண்டில் இரண்டு. பிள்ளை அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்பம் முழுக்க அனுப்பிவிட்டாள்.

எனக்கு மட்டும் உறுத்தியது. முந்தின வாரம்தான் நானே வாட்ச் வைத்துப் பார்த்தேன், நூறு மீட்டரில் 17.60-க்குக் கீழே அவள் வரவே இல்லை. குமாரசாமிப்பட்டி ஆயுதப்படை மைதானத்தில் ஆள்சேர்ப்பு நடந்த காலங்களில் பெண்கள் பிரிவில் டேப் பிடித்தும் கொடி காட்டியும் நின்றவள் நான். ஆறு நாளில் யாராலும் கால் வினாடி குறைக்க முடியாது என்று தெரியும்.

அடுத்த முறை கையோடு மூன்று பொருள் எடுத்துப் போனேன். சாலைக் குத்தகை எடுக்கும் என் கொழுந்தனாரின் உருட்டு அளவுச் சக்கரம், என்னுடைய பழைய ஸ்டாப்வாட்ச், ஒரு துணிப்பை. துணிப்பை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஓடுதளம். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்ட வட்டம், "200 மீட்டர்" என்று பலகை. உள்கோட்டில் இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி உருட்டினேன். விளிம்புக் கட்டை இல்லாத தளத்தை அப்படித்தான் அளக்க வேண்டும். 194 மீட்டர் வந்தது. மறுபடி உருட்டினேன், 194-ஐ ஒட்டியே வந்தது. ஆறு மீட்டர் எங்கே போனது? மழைக்குப் பிறகு கோடு அழிந்து, ஒவ்வொரு முறையும் பழைய கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே புதுக்கோடு போட்டிருக்கிறார்கள். 194 மீட்டரை 37.2 வினாடியில் ஓடிய பெண், அதே வேகத்தில் 200 மீட்டரை முடிக்க 38.35 வினாடி ஆகும். ஸ்டார் இல்லை.

அடுத்து 100 மீட்டர். இதில்தான் நான் அதிக நேரம் நின்றேன். தொடக்கக் கோட்டில் ஒருவர் விசில் ஊதுகிறார். முடிவுக் கோட்டில் வாட்ச் வைத்திருக்கும் தம்பி விசில் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்துகிறார். நல்ல கை, தூக்கம் இல்லாத கண், அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் சத்தம் நூறு மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.29 வினாடி எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் விசில்காரரின் காலடியிலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு உடனே கேட்டுவிடும். தம்பிக்குக் கேட்பதற்குள் அவர்கள் முதல் அடியை எடுத்துவிடுகிறார்கள். அந்த 0.29 வினாடி ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசம். அந்தக் காலத்தில் துப்பாக்கியில் புகை பார்த்து வாட்ச் அழுத்தச் சொன்னதற்குக் காரணம் இதுதான். புகை வேண்டாம், ஒரு சிவப்புத் துணியை வீசினால் போதும். 17.38 உடன் 0.29-ஐக் கூட்டிப் பாருங்கள். இதிலும் ஸ்டார் போயிற்று.

மூன்றாவது குண்டு. கையில் எடுத்ததுமே எடை சொன்னது. துணிப்பையில் போட்டுக்கொண்டு எதிரே இருந்த காய்கறிக் கடைக்குப் போய் மின்தராசில் வைத்தேன். கடைக்கார அம்மா, "இது என்ன காய்?" என்று கேட்டார். 3 கிலோ 610 கிராம். மாஸ்டரிடம் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. லேத் பட்டறையில் கடைந்து வாங்கியதாம்; அவர்கள் சொன்ன எடையை நம்பி, நான்கு கிலோ என்று வெள்ளைப் பெயின்ட்டில் தானே எழுதியிருக்கிறார்.

இத்தனையும் பிள்ளைகளுக்குச் சாதகமான தவறுகள்தானே, விட்டுவிடலாமே என்று தோன்றும். என் தங்கை மகளுக்கு அப்படித்தான் தோன்றியது. "பெரியம்மா, எல்லோர் முன்னாலும் அளக்காதீர்கள், மானம் போகிறது" என்று காதோரம் கெஞ்சினாள். ஆனால் இந்த மையம் விற்கிற பொருளே அளவுதான். 300 ரூபாய் கொடுத்து வாங்கிய அட்டையை நம்பி, குண்டில் இரண்டு ஸ்டார் கைவசம் இருக்கிறது என்று வேறு பயிற்சிக்குப் போய்விட்டால் அங்கே உண்மையான மைதானத்தில் யார் பதில் சொல்வது?

ஒரு வினாடியின் விலை சேலத்துக்காரர்களுக்குத் தெரியாதது இல்லை. நம் ஊர் பிரித்திகா யாஷினி உதவி ஆய்வாளர் தேர்வில் நூறு மீட்டரில் ஒரு வினாடியும் சொச்சமும் பிந்தினார் என்று நிறுத்திவைக்கப்பட்டார். திருநங்கைகளுக்கு என்று தனி அளவே அப்போது வகுக்கப்பட்டிருக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2015 நவம்பரில் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது; 2017-ல் பணியில் சேர்ந்தார். 17.50-ல் வந்தவளுக்கு ஒரு ஸ்டார், 17.51-ல் வந்தவளுக்கு ஒன்றும் இல்லை என்ற கணக்கே எனக்குப் பிடித்தது கிடையாது. படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்வுப் பலகை போல, ஒவ்வொரு பத்தில் ஒரு வினாடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பெண் குறைந்தால் என்ன? கையால் வாட்ச் அழுத்தும் இடத்தில் நூறில் ஒரு பங்கு வினாடியை வைத்து ஒருவர் வாழ்க்கையை முடிவு செய்வது அளவுக்கு மீறிய நம்பிக்கை.

ஆண்கள் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. கயிறு ஏறுதல், ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், ஆறுக்கு இரண்டு. காலை ஆறரைக்கு மலைப் பக்கத்துப் பனியில் வடம் நனைந்து கிடந்தது. முதல் பத்துப் பையன்களில் நான்கு பேர் வழுக்கி இறங்கினார்கள். ஒன்பது மணிக்கு ஏறியவர்கள் காய்ந்த கயிற்றில் ஏறினார்கள். பெயர் அகர வரிசையில் கூப்பிடுகிறார்களாம். அருணும் ஆனந்தும் என்ன பாவம் செய்தார்கள்? இரவில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் தீர்ந்தது.

அங்கேதான் ஒரு பையன், கையில் நார் கிழித்த தழும்போடு, என்னைப் பிடித்துக்கொண்டான். "மேடம், எங்களுக்கு 1500 மீட்டர் ஏழு நிமிடம். இவர்களுக்கு 400 மீட்டர் இரண்டரை நிமிடம். இது நியாயமா?" பெண்கள் பக்கத்தில் இருந்து கூச்சல் கிளம்பியது.

நியாயமான கேள்வி. ஓய்வுக்குப் பிறகு மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன், தெரிந்ததைச் சொன்னேன். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. பயிற்சியில் தண்டால் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 14 என்று இருந்தது. ஒருவர் 29 எடுத்துத் தோற்றார், பெண்ணாக இருந்தால் தேறியிருப்பேனே என்று வழக்குப் போட்டார். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், உடலைப் பேணி வைத்திருக்கிறாரா என்று பார்க்கிற தேர்வில் இருபாலருக்கும் எண் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, படுகிற பாடு ஒன்றாக இருந்தால் போதும். அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் 400 மீட்டர் இரண்டரை நிமிடம் என்பது மணிக்கு 9.6 கிலோமீட்டர். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம். ஆண்களின் ஏழு நிமிடம் மணிக்கு ஏறத்தாழ 12.9 கிலோமீட்டர், அதுவும் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு. பாடு ஒன்றா? இல்லை. தமிழ்நாடு காவல்துறையில் 1973-ல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர் என்று 22 பெண்களோடு ஆரம்பித்த காலத்தில் பெண்ணை என்ன வேலைக்கு அனுப்புவது என்றே குழப்பம் இருந்திருக்கும். இன்று இருக்க வேண்டியதில்லை. அந்த 400 மீட்டரைப் பார்க்கும்போது எனக்குச் சலுகை கிடைத்த மகிழ்ச்சி வருவதில்லை, யாரோ என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்த எரிச்சல்தான் வருகிறது. பையன் சிரித்தான். பெண் பிள்ளைகள் சிரிக்கவில்லை.

இனி இந்த மையத்தில் எனக்குப் பிடித்த பகுதி. அறிவிக்கையில் இல்லாத ஒன்றை மாஸ்டர் சொந்தமாகச் சேர்த்திருக்கிறார். "வேலை ஓட்டம்" என்று பெயர். அறுபது மீட்டர் ஓடி, ஆறடிச் சுவர் ஏறிக் குதித்து, 50 கிலோ மணல் நிரப்பிய ஜவ்வரிசிச் சாக்கை இருபது மீட்டர் இழுத்து, படிக்கட்டு ஏறி இறங்கி, கடைசியில் தொடக்கத்தில் காட்டிய வண்டி எண்ணை மூச்சு வாங்கச் சொல்ல வேண்டும். நான்கு நிமிடம். அந்த வண்டி எண்ணைக் கண்டுபிடித்தவருக்குக் கை கொடுத்தேன். துரத்திக்கொண்டு ஓடி, ஆளை விட்டுவிட்டு, எண்ணையும் மறந்து நின்றவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

சாக்கு என்னை வேறொரு நாளுக்கு இழுத்துப் போனது. ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. மேல் வளைவு ஒன்றில் இருசக்கர வண்டியோடு ஓர் இளைஞன் சரிவில் போய்விட்டான். நாங்கள் நான்கு பேர், அதில் நான் ஒருத்தி பெண். பக்கத்துக் காபித் தோட்டத்தில் மிளகு பறிப்பவரிடம் கயிறு வாங்கி, போர்வையில் அவனைக் கட்டி, ஈரச் சருகில் கால் வழுக்க வழுக்க நாற்பது அடி மேலே கொண்டுவந்தோம். இருபது நிமிடம் ஆகியிருக்கும். என் பங்கு இடது பக்கக் கால்முனை. அவன் எடை ஆண் காவலருக்கு ஒன்று, பெண் காவலருக்கு ஒன்று என்று இரண்டாக இருக்கவில்லை. நீளம் தாண்டுதலில் நான் வாங்கிய மதிப்பெண் அன்றைக்கு எதற்கும் உதவவில்லை. இடுப்பும் விரல் பிடியும்தான் உதவின. ஆகவே சாக்கு எல்லோருக்கும் ஒரே சாக்குதான், அதில் சமரசம் கூடாது.

பார்க்கவும் வேடிக்கையாக இருந்தது. நூறு மீட்டரில் இரண்டு ஸ்டார் வாங்கும் ஒல்லிப் பையன் சாக்கைத் தூக்கித் தோளில் போடப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். என் தங்கை மகள் அதன் காதுகளைப் பிடித்து, பின்பக்கமாகக் குந்தியபடி, அம்மிக்கல் நகர்த்துகிற மாதிரி நகர்த்திக்கொண்டே போனாள்.

சுவரில்தான் சண்டை வந்தது. ஆறடிச் சுவர் திறமையை அளக்கவில்லை, உயரத்தை அளக்கிறது. உயரத்தை ஏற்கெனவே உடற்கூறு அளத்தலில் பார்த்தாயிற்று. ஆண்களுக்குப் பொதுவாக 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 159, அட்டவணை வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் சலுகை உண்டு. ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை தண்டனை எதற்கு? கிரேக்க நாட்டில் காவலர் பள்ளிக்கு ஆண் பெண் எல்லோருக்கும் 170 சென்டிமீட்டர் என்று வைத்திருந்தார்கள். 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றம், இது பெண்களைக் கழித்துக்கட்டுகிறது, காவல் வேலை எல்லாமே இந்த உயரத்தைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டது. நான் என் பணிக்காலத்தில் இரண்டே முறை சுவர் ஏறியிருக்கிறேன். இரண்டு முறையும் கீழே ஒரு காவலர் கை கோத்துக் கொடுத்தார். "அப்படியானால் ஒரு செங்கல் அடுக்கு வைக்கிறேன், மேடம். வேண்டியவர் மிதிக்கட்டும்" என்றார் மாஸ்டர். வைத்துவிட்டார்.

அடுத்து நான்கு நிமிடம். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நானே ஓடிப் பார்த்தேன். எனக்கு 3 நிமிடம் 10 வினாடி. கொஞ்சம் கூட்டிப் போட்டேன்." தேர்வு வைக்கிற ஊர்களில் எல்லாம் இதே கதைதான் போலிருக்கிறது. கனடாவில் காட்டுத்தீ அணைக்கும் பெண் ஒருவர், டானி மெயோரின், வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார். திடீரென்று 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும் என்று விதி போட்டார்கள். 49.4 வினாடி பிந்தினார், வேலை போயிற்று. 1999-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கேட்டது ஒன்றுதான்: தீயணைக்க இந்த வேகம் அவசியம் என்று யாராவது நிரூபித்தீர்களா? நிரூபிக்கவில்லை. வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என்னோடு வேலை பார்த்தவர்களில் இன்னும் பணியில் இருக்கும் ஏழு பேரை அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன். கூலி, தட்டுவடை செட் வயிறு முட்ட. நான்கு ஆண், மூன்று பெண். தெருவில் ஒரு தகராறு என்றால் இவர்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்று நான் நினைக்கும் ஆட்களாகவே பொறுக்கினேன். வேலை ஓட்டம் ஓடச் சொன்னோம். கடைசியாக வந்தவர் 44 வயதுத் தலைமைக் காவலர் ஒரு பெண்மணி. ஒரு முழங்கால் சரியில்லை. 4 நிமிடம் 50 வினாடி. வண்டி எண்ணைத் தப்பில்லாமல் சொன்னார், கூடவே சாக்கின் தையல் பிரிகிறது என்றும் சொன்னார். மாஸ்டரின் நான்கு நிமிடத்தில் ஏழு பேரில் மூன்று பேர் தோல்வி. இந்த அம்மாளைத் தோற்கடிக்கிற தேர்வில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று மாஸ்டரே ஒப்புக்கொண்டு, பலகையில் நான்கை அழித்து ஐந்து என்று எழுதினார். ஏழு பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனாலும் ஒரே ஆளின் காலை வைத்து எழுதியதற்கு இது மேல்.

ஒரு குறைக்கு மட்டும் நான் இறங்கிவரமாட்டேன். மாதிரித் தேர்வு பதினொரு மணி வரை இழுக்கிறது. சேலத்து மே மாத வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இல்லை. குடம் ஒன்றில் தண்ணீர், ஒரே டம்ளர். 2024-ல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கு ஆண்களை 60 நிமிடத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓடச் சொன்னார்கள். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் செத்துப்போனார்கள், பிறகுதான் தூரத்தைக் குறைத்தார்கள். ஏழு மணிக்கு ஓடியவனும் பதினொரு மணிக்கு ஓடியவனும் ஒரே தேர்வு எழுதியவர்கள் ஆகமாட்டார்கள். மாஸ்டர் "பார்க்கலாம்" என்றார். அந்த "பார்க்கலாம்" எனக்குப் பழக்கமான பார்க்கலாம். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். ஒன்பது மணிக்கு முடித்து, கருவி ஒன்று வாங்கி வைத்தால் நான்கு.

போன ஞாயிறு மறுபடி போனோம். சிவப்புத் துணி வந்திருக்கிறது. சுண்ணாம்புக் கோட்டுக்கு அடியில் ஆணி அடித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள், இனி உள்ளே நகராது. விளையாட்டுச் சாமான் கடையில் இருந்து புதுக் குண்டு, அச்சில் வார்த்த எண்ணோடு. காய்கறிக் கடை அம்மாவே "கொண்டு வாருங்கள்" என்று தராசை நகர்த்தி வைத்தார்: 4 கிலோ 5 கிராம். என் தங்கை மகள் மூன்று முறை எறிந்தாள், அதிகபட்சம் 5.18. இரண்டு ஸ்டார் ஒன்றாகிவிட்டது. நூறு மீட்டர் 17.64. வீடு வரைக்கும் பின் சீட்டில் வாய் திறக்காமல் வந்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு வாசலில் நின்று, "பெரியம்மா, அந்த ஸ்டாப்வாட்ச் கொடுங்கள்" என்றாள். இன்னும் திருப்பித் தரவில்லை.